புதுக் காரின் பெயிண்டையும் உள்பக்கத்தையும் காப்பது எப்படி? 2,800 வெள்ளி பேக்கேஜ் எடுக்கலாமா?

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். முதல் கார், கறுப்பு நிறம், அடுத்த வெள்ளிக்கிழமை கைக்கு வருகிறது. விற்பனையாளர் 2,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பேக்கேஜ் சொல்கிறார். செராமிக் கோட்டிங், அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்பு, சீட்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு எல்லாம் அதில் அடக்கம், ஐந்து வருடத்துக்குக் கவலையே வேண்டாம் என்கிறார். வீடு கோலாலம்பூர் செதாபாக்கில் ஒரு கொண்டோ, கார் நிற்பது நிலத்தடி இரண்டாவது தளத்தில், அங்கே கழுவ இடம் இல்லை. வேலையிடத்தில் மரத்தடி. முதல் நாள் அம்மா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடச் சொல்கிறார். பேக்கேஜ் எடுக்கலாமா, வேண்டாமா? இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு முறை காசைக் கட்டிவிட்டு அப்புறம் மறந்துவிடக்கூடிய பாதுகாப்பு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. அப்படி ஒன்று கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் காரை நன்றாக வைத்துக்கொள்ள அவ்வளவு செலவும் தேவையில்லை.

நான் செந்தூலில் பெயிண்ட் வேலை செய்கிறவன். 23 வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடம் தகரம் தட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும், அதற்குப் பிறகு பாலிஷ், கோட்டிங், ஃபிலிம். செராமிக் கோட்டிங் போட்டுத்தான் என் கடையின் பாதி வருமானம் வருகிறது. ஆகையால் கோட்டிங் பற்றி நான் சொல்வதை அந்தத் தொழிலுக்கு வேண்டாதவன் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் பெயிண்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. தொழிற்சாலையில் காரின் உடம்பை முழுசாக ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சித் துருத் தடுப்புப் பூச்சு ஏற்றுகிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாகக் கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட். இத்தனையும் சேர்த்து 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், உங்கள் காரின் மொத்தப் பெயிண்டும் இரண்டு முடி கனம். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து கலந்திருப்பது அந்தக் கிளியர் கோட்டில்தான். பளபளப்பும் அதில்தான். கீறலை எடுக்க பாலிஷ் போடுகிறோமே, அது கீறலை நிரப்பும் வேலை இல்லை. கீறலின் அடி தெரியும் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறோம். கட்டி காம்பவுண்ட் (தேய்த்துச் சீவும் பசை) போட்டு ஒரு முறை ஓட்டினால் சில மைக்ரான் போய்விடும், போனது திரும்ப வராது. வருடம் இரண்டு முறை பாலிஷ் போட்டு அழகாக வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் கார்தான் ஏழாவது, எட்டாவது வருடத்தில் கூரையில் வெள்ளையாகத் தோலுரிந்து நிற்கும்.

அப்படியென்றால் அந்தக் கீறல் எங்கிருந்து வருகிறது? இதைத்தான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். வெயிலாலும் மழையாலும் கீறல் விழாது. பெயிண்டில் கீறல் போடுவது நம் கைதான், கையில் இருக்கும் துணிதான். இரவில் பெட்ரோல் நிலையத்து விளக்குக்கு அடியில் ஒரு கறுப்புக் காரைப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரியும். காய்ந்த தூசியைத் துடைத்த ஒவ்வொரு தடவையும் விழுந்த கோடுகள் அவை. தூசி என்று நாம் சொல்வதில் மணல், சிமெண்டுத் தூள், பிரேக்கிலிருந்து தெறித்த இரும்புத் துகள் எல்லாம் இருக்கும். கோலாலம்பூரில் எங்கே திரும்பினாலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, சொல்லவே வேண்டாம். காரின் பின்பெட்டியில் கோழி இறகுத் துடைப்பான் வைத்துக்கொண்டு காலையில் காரைத் தட்டிவிடும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய உண்டு. என் அப்பாவும் செய்தார். இறகு மென்மையானதுதான், இறகுக்கும் பெயிண்டுக்கும் நடுவே இழுபடுகிற மணல் மென்மையானது இல்லை. புகைமூட்டக் காலத்தில் காரின் மேல் சாம்பல் படியும்போதும் இதே கதை. காய்ந்த காரைத் தொடாதீர்கள். என் பதிலில் ஒரே ஒரு வரியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நிழலில் நிறுத்தி, பானெட்டைக் கையால் தொட்டால் சூடு இல்லாத அளவுக்கு ஆறவிட வேண்டும். முதலில் வெறும் தண்ணீர், மேலிருந்து கீழே, நன்றாக அடித்து. மணல் போக வேண்டிய நேரம் இதுதான், துணி தொடுவதற்கு முன்பு. பிறகு கார் ஷாம்பு. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டால் பெயிண்ட் கெட்டுவிடும் என்பார்கள், அது மிகை. போட்ட மெழுகைக் கரைத்துவிடும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு போத்தல் ஷாம்பு பல மாதம் வரும்போது அதை ஏன் போட வேண்டும்? இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையில் ஷாம்புத் தண்ணீரை எடுத்து ஒரு பாகத்தைத் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். முடித்ததும் அந்த வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பாருங்கள். கறுப்பாக ஒரு படிவு கிடக்கும். ஒற்றை வாளி வைத்திருந்தால் அத்தனையும் பெயிண்டின் மேல் ஓடியிருக்கும். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் என்ற வரிசையில் போங்கள். சக்கரத்துக்கு வேறு துணி, அந்தத் துணி ஒருநாளும் மேலே வரக்கூடாது. துடைக்கும்போது பெரிய மைக்ரோஃபைபர் துண்டை பானெட்டின் மேல் விரித்து மெதுவாக இழுத்தால் போதும், தண்ணீரை அதுவே குடித்துவிடும்.

கொண்டோவில் கழுவ இடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கார் வாஷுக்குத்தான் போக வேண்டும். அங்கே வேலை செய்யும் பையன்கள் கெட்டவர்கள் இல்லை, ஒரு நாளைக்கு நாற்பது கார் பார்க்கிறார்கள், யாருக்கும் அலசிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. முந்தின காரின் டயரைத் துடைத்த துணி உங்கள் பானெட்டுக்கு வரும். ஆகவே நுரை போட்டுத் தண்ணீர் அடிப்பது வரை அவர்கள் செய்யட்டும். துடைப்பதை உங்கள் துணியால் நீங்களே செய்யுங்கள். முதலாளியிடம் முன்கூட்டியே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறார். கோட்டிங் எதுவும் போட்டதில்லை. அவர் காரைப் பார்த்தால் மூன்று வருடக் கார் என்றுதான் நினைப்பீர்கள்.

அடுத்தது வேலையிடத்து மரம். என்ன மரம் என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர்ச் சாலையோரம் பெரும்பாலும் அங்சானா இருக்கும், இல்லாவிட்டால் தூங்குமூஞ்சி மரம். அங்சானா நம் வேங்கைக்கு உறவு, மஞ்சள் பூ கொட்டும்போது பார்க்க அழகுதான். அந்தப் பூ கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் சேர்ந்து, அழுகி, தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். மாதம் ஒரு முறை பானெட்டைத் திறந்து கையால் அள்ளிப் போடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தில் இலைச் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் உண்டு. அவை கழிக்கும் இனிப்பு நீர் பிசின் மாதிரி கார் முழுக்கப் புள்ளி போடும். அன்றைக்கே கழுவினால் தண்ணீரோடு போய்விடும், இரண்டு வாரம் வெயிலில் வெந்தால் போகாது.

எல்லாவற்றையும்விட மோசம் பறவை எச்சம். மைனாவும் காகமும் இருக்கிற ஊரில் தப்பிக்க முடியாது. எச்சத்தில் இருக்கும் அமிலம்தான் பெயிண்டை அரிக்கிறது என்று ஒரு கட்சி. வெயிலில் இளகி விரிந்த கிளியர் கோட், காய்ந்து இறுகிய எச்சத்தைச் சுற்றி மாலையில் சுருங்கும்போது அந்த வடிவமே பதிந்துவிடுகிறது என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம், எது எத்தனை பங்கு என்று சத்தியம் பண்ண மாட்டேன். நேரம்தான் எதிரி என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. மதிய வெயிலில் ஒரே நாளில் தடம் விழுந்த கார்களைப் பார்த்திருக்கிறேன். கோட்டிங் போட்ட காரிலும் விழும். காரில் ஒரு சிறிய தெளிப்பு போத்தலில் தண்ணீரும் கொஞ்சம் டிஷ்யூவும் வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்யூவை நன்றாக நனைத்து எச்சத்தின் மேல் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். அது ஊறியதும் அப்படியே மேலே தூக்கி எடுங்கள், தேய்க்கக் கூடாது. மைனா எச்சத்தில் பழக்கொட்டை, கல் எல்லாம் இருக்கும்.

நிலத்தடிக் கார் நிறுத்துமிடம் பாதுகாப்பு என்று நினைத்திருப்பீர்கள். வெயிலுக்குப் பாதுகாப்புதான். ஆனால் இன்று இரவே உங்கள் இடத்துக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். கான்கிரீட் விரிசலிலோ குழாய் மூட்டிலோ வெள்ளையாக ஊசி மாதிரி ஏதாவது தொங்குகிறதா? கீழே தரையில் வெள்ளை வட்டம் இருக்கிறதா? இருந்தால் அந்த இடத்தை மாற்றிக் கேளுங்கள். மழைத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஊறி, சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. அது காரச் சத்து உள்ள தண்ணீர். பானெட்டில் விழுந்து காய்ந்தால் வெள்ளைப் பொருக்கு, அதன்மேல் அடுத்த சொட்டு, ஒரு மாதத்தில் கல். போன வருடம் ஒரு பெண் கொண்டுவந்த காரில் கூரையிலிருந்து பின் கண்ணாடி வரை ஒரே கோடாக அந்தக் கல் படிந்திருந்தது. கிரெடிட் கார்டால் சுரண்டிப் பார்த்திருக்கிறார், சுரண்டிய இடமெல்லாம் கீறல். சுரண்டக் கூடாது. சமையல் வினிகரில் சம பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து அதன்மேல் சில நிமிடம் போட்டால் நுரைத்துக் கரையும். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி. பொருக்கு போன பிறகும் அடியில் பள்ளம் தெரிந்தால், அது பாலிஷ் வேலை. அந்தப் பெண்ணின் காரில் கூரையில் ஒரு தடம் இன்னும் இருக்கிறது. அதற்கு மேல் சீவினால் கிளியர் கோட்டே போய்விடும் என்று நானே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இப்போது செராமிக் கோட்டிங்குக்கு வருகிறேன். அது நல்ல பொருள்தான். சிலிக்கா சார்ந்த ஒரு திரவம், காய்ந்து கிளியர் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு லேசில் பிடிக்காது, கழுவுவது சுலபமாகும், நிறம் ஆழமாகத் தெரியும். கறுப்புக் காரில் அந்த அழகைப் பார்க்க எனக்கே பிடிக்கும். ஆனால் அதன் தடிமன் ஒன்று, இரண்டு மைக்ரான். அந்தக் கனத்தில் எந்தப் பொருளும் கல் தெறிப்பதைத் தடுக்காது, சாவிக் கீறலையும் தடுக்காது. 9எச் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்களே, அது பென்சில் கடினத்தின் அளவு, 9எச் பென்சிலால் கோடு போட்டால் விழாது என்று பொருள். ரத்தினக் கற்களுக்குச் சொல்லும் கடின அளவுகோல் வேறு, இது வேறு. மணல் ஒரு பென்சிலைவிட எத்தனையோ மடங்கு கடினம். ஐந்து வருட உத்தரவாதம் என்றால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வருடம் ஒரு முறை அவர்களிடமே காசு கட்டிப் பராமரிப்புக்கு வந்தால்தான் செல்லும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். எத்தனை காலம் நிற்கும் என்பது சந்தேகத்துக்குரிய விஷயம், ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். என் கையால் போட்டவற்றில், வெளியே நிற்கும் கார்களில் ஒன்றரை, இரண்டு வருடத்தில் தண்ணீர் உருள்வது குறைந்துவிடுகிறது. நிழலில் நிற்பவற்றில் மூன்றாம் வருடமும் பார்த்திருக்கிறேன். அப்புறம், உருண்டு நிற்கும் நீர்த்துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துப் பெயிண்டைச் சுட்டுவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பவில்லை. துளி காய்ந்த பிறகு தங்குகிற தாதுவும் நகர மழையில் இருக்கும் அமிலமும்தான் அந்த வட்டக் கறைக்குக் காரணம். கோட்டிங் இருந்தாலும் மழையில் நனைந்த கார் வெயிலில் தானாகக் காயக் கூடாது என்பது அதனால்தான்.

கோட்டிங்கில் பாதி வேலை பூசுவதற்கு முன்பு நடக்கிறது. கழுவி, இரும்புத் துகளைக் கரைத்து எடுத்து, கீறலை விளக்கில் பார்த்துச் சரிசெய்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அதன் பிறகுதான் மருந்து. ஒழுங்காகச் செய்தால் ஒரு முழு நாள். டெலிவரி அன்று காலையில் இரண்டு மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தால், இருந்த கீறலை மூடிக் கண்ணாடி போட்ட மாதிரி. பேக்கேஜில் இருக்கும் கோட்டிங்கை யார் போடுகிறார்கள், எங்கே, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வெளியே ஒரு கடையில் நேரில் போய் வேலையைப் பார்த்துவிட்டு, அதே கோட்டிங்கைக் குறைந்த செலவில் போட முடியும். அதுவும் வேண்டாம் என்றால், கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே சீலண்ட் (தெளித்துப் பூசும் காப்புப் பூச்சு) ஒன்றை வாங்கி இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவியதும் நீங்களே பூசலாம். கார்னோபா மெழுகு இன்னும் அழகு, ஆனால் நம் ஊர் வெயிலில் சில வாரம்தான். புதுக் காருக்கு மூன்று மாதம் மெழுகு போடக்கூடாது, பெயிண்ட் மூச்சுவிட வேண்டும் என்பது தொழிற்சாலைப் பெயிண்டுக்குப் பொருந்தாது. அதை 140 பாகை அளவு சூட்டில் சுட்டுத்தான் அனுப்புகிறார்கள், முதல் நாளே போடலாம். இடிபட்டு என்னைப் போன்றவர்களிடம் பெயிண்ட் அடித்த பாகத்துக்குத்தான் அந்தப் பேச்சு. நாங்கள் 60 பாகையில் காயவைப்பதால் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்.

கல் தெறிப்புக்கு உண்மையான தடுப்பு வேண்டும் என்றால் பிபிஎஃப் என்கிற பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம்தான். 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ள யூரித்தேன் தோல், பெயிண்டின் மேல் இன்னொரு பெயிண்ட் கனம். சின்னக் கீறல் வெயில் சூட்டில் தானாக மறையும். முழுக் காருக்கும் போட்டால் பல ஆயிரம் வெள்ளி ஆகும். செதாபாக்கிலிருந்து நகரத்துக்குள் வேலைக்குப் போய்வருவதற்கு அது தேவையே இல்லை. வாரா வாரம் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ வடக்கு நெடுஞ்சாலையில் லோரிக்குப் பின்னால் ஓட்டுகிறவர் என்றால் பம்பர், பானெட், பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடியின் கூடு மட்டும் போட்டுக்கொள்ளலாம். காரின் மேலே வைத்துக் கத்தியால் வெட்டாமல், கணினியில் முன்கூட்டியே வெட்டிய ஃபிலிமை ஒட்டுகிற கடையாகப் பாருங்கள். கத்தி போன தடத்தில் துரு பிடித்த கதவுகளை நானே சரிசெய்திருக்கிறேன்.

அடிப்பாகத் துருத் தடுப்பு உங்களுக்கு வேண்டாம். பனி நாடுகளில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. அவசரமாக அடிக்கும் தார்ப் பூச்சு, தண்ணீர் வடியும் துளைகளை அடைத்து, துருவை உள்ளே வைத்து வளர்க்கும். என் மச்சான் பினாங்கில் தஞ்சோங் பூங்காவில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறார், அவருக்குக்கூட நான் சொன்னது வாரம் ஒரு முறை அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்லித்தான்.

உள்பக்கத்துக்கு இரண்டு எதிரிகள், சூடும் ஈரமும். வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் சூடு 60 பாகை வரை போகும், டேஷ்போர்டு அதற்கும் மேலே. ஆகவே 2,800 வெள்ளியில் ஒரு பங்கை, கண்ணாடியில் ஒட்டும் நல்ல டிண்ட் ஃபிலிமுக்கு வையுங்கள். மே 2019 முதல் நடப்பில் உள்ள விதிப்படி முன் கண்ணாடி வழியாக 70 விழுக்காடு வெளிச்சமும், முன் கதவுக் கண்ணாடி வழியாக 50 விழுக்காடும் உள்ளே வர வேண்டும். பின்னால் எவ்வளவு கறுப்பு வேண்டுமானாலும் இருக்கலாம். கறுப்பாக இருந்தால் சூடு குறையும் என்று நினைக்க வேண்டாம், மொத்தச் சூரிய வெப்பத்தில் எத்தனை விழுக்காட்டைத் தடுக்கிறது என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அகச்சிவப்புக் கதிரை 95 விழுக்காடு தடுக்கும் என்று காட்டுவது வெப்பத்தின் ஒரு துண்டுக் கணக்கு மட்டும். ஒட்டும்போது தண்ணீர் நிறையத் தெளிப்பார்கள், டேஷ்போர்டையும் கதவு சுவிட்சுகளையும் துண்டு போட்டு மூடச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு மூன்று, நான்கு நாள் கண்ணாடியை இறக்க வேண்டாம். இதோடு முன் கண்ணாடிக்கு ஒரு மடக்கு மறைப்பு, வேலையிடத்தில் நிறுத்தும்போதெல்லாம்.

சீட்டில் வரும் பிளாஸ்டிக் உறையை முதல் நாளே கழற்றுங்கள். ஒரு வருடம் அப்படியே வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய. அதற்கடியில் வியர்வையும் ஈரமும் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதைவிட முக்கியம், பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்திலிருந்துதான் விரியும். பிளாஸ்டிக்கோ பொருந்தாத சீட் கவரோ அதை மறித்துவிடும். டேஷ்போர்டில் பிள்ளையார் வைப்பதாக இருந்தால், பயணியின் முன்னால் உள்ள ஏர்பேக் மூடிமேல் வைக்காதீர்கள். அது விரியும் வேகத்தில் சிலை முகத்துக்கு வரும். நடுவில் தட்டையான இடத்தில், கழற்றக்கூடிய பாய்மேல் வையுங்கள். இரட்டைப் பக்க டேப் சூட்டில் உருகிப் பிளாஸ்டிக்கோடு சேர்ந்துவிடும். ஏசி துவாரத்தில் மாட்டும் வாசனைத் திரவமும் அப்படித்தான், ஒரு சொட்டு வழிந்தால் பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்துவிடும். அந்தத் தடத்தை யாராலும் எடுக்க முடியாது, பாகத்தையே மாற்ற வேண்டும்.

சீட்டுப் பூச்சு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துணி சீட் என்றால் சிந்தியது உடனே ஊறாமல் கொஞ்ச நேரம் தடுக்கும், அந்த ஸ்ப்ரே கடையில் டின்னாகவே கிடைக்கிறது. தோல் என்று சொல்லி விற்கும் சீட்டுகளில் பெரும்பாலானவை செயற்கைத் தோல், ஈரத் துணியும் மென்மையான சோப்பும் போதும். பொட்டலம் கட்டிய குழம்பு கவிழ்ந்தால் மட்டும் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாகும், பயப்பட வேண்டாம், சோப்பை நன்றாக அலசி எடுத்தால் சிவப்பு போய்விடும். மிச்சம் இருக்கும் மஞ்சளை வெயிலில் விட்டுவிடுங்கள், சூரிய வெளிச்சத்தில் தானாக வெளுக்கும்.

ஈரத்துக்கு ஏசி. வீட்டுக்கு வர மூன்று, நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் குளிர்கூடு காய்ந்துவிடும், புளித்த துணி வாடை வராது. தரைக் கம்பளம் நனைந்தால் பாயை மட்டும் காயவைத்து விட்டுவிடாதீர்கள், கம்பளத்துக்கு அடியில் பஞ்சு இருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து வந்த சில கார்களுக்கு சீட்டைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்கினோம். மேலே காய்ந்த மாதிரி இருந்தது, அடியில் கையை வைத்து அழுத்தினால் தண்ணீர் வந்தது. வெள்ளத்துக்கான பாதுகாப்பைக் காப்பீட்டில் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும், வழக்கமான முழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அது அடங்காது.

நான் பெயிண்ட்காரன். பம்பருக்குள் இருக்கும் ரேடார், கேமரா இவற்றின் மேல் ஃபிலிம் ஒட்டலாமா என்பதைத் தயாரிப்பாளரின் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும், நான் வாயால் சொல்லக்கூடாது.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விற்பனையாளரிடம், காரைக் கழுவவோ பாலிஷ் போடவோ வேண்டாம், ஒட்டியிருக்கும் வெள்ளை உறையோடு அப்படியே கொடுங்கள் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். பளபளவென்று கொடுக்க வேண்டும் என்று அவசரத்தில் துடைப்பதில் விழும் முதல் கீறலைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பகலில் போய், வெளியே வெளிச்சத்தில் பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு பானெட்டையும் கூரையையும் போன் டார்ச் அடித்து ஒரு சுற்று.

கோயில் பூசையைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அம்மா மனசும் முக்கியம். சில வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள், பாட்டி கழுவக் கூடாது என்று சொன்னதால் இரண்டு வாரம் வெயிலில் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி வந்துவிட்டது. குங்குமம் இருந்த இடத்தில் மட்டும் ஐம்பது காசு அளவில் இளஞ்சிவப்பு வட்டம், கிளியர் கோட்டுக்குள் இறங்கியிருந்தது. காம்பவுண்டு போட்டும் முழுசாகப் போகவில்லை. அந்தக் குடும்பம் அதைச் சாமி வைத்த பொட்டு என்று விட்டுவிட்டது, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடையில் விற்கும் குங்குமத்தில் சாயம் இருக்கும். பூசாரியிடம் பொட்டை முன் கண்ணாடியிலும் எண் பலகையிலும் வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடியில் எதுவும் இறங்காது. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைப் பானெட்டில் வைக்காமல் சக்கரத்துக்கு அடியில் மட்டும் வைக்கலாம். மாலை கட்டிய கம்பி முனை உள்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாலைக்கு அடியில் ஒரு துண்டு விரியுங்கள். தேங்காயைக் காரிலிருந்து நாலு அடி தள்ளி உடைக்கட்டும், ஓடு தெறிக்கும். திருநீறு பட்டால் கையால் தட்டிவிடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அதுவும் தூள்தானே. கறுப்புக் காரில் எல்லாம் பளிச்சென்று தெரியும், அதனால் கோயிலிலிருந்து நேராக நிழலான ஒரு கார் வாஷுக்குப் போய், நுரையும் தண்ணீரும் மட்டும் போடச் சொல்லி, உங்கள் துண்டால் நீங்களே ஒற்றி எடுத்துவிடுங்கள்.